முயலிடம் கற்ற சிங்களம்

மடுல்சீமைப் பக்கம் நாற்பதைத் தாண்டியவர்களிடம் பக்ஸ் பனி என்றால் யாரென்று கேட்பார்கள். ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். 1940இல் அமெரிக்காவில் பிறந்த அந்த முயலை இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சியில் சிங்களம் பேசவைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. 1956இல் வந்த ‘ரேகாவ’ படத்தைத் தொகுத்த அதே மனிதர். டொக்டர் டூலிட்டிலும் அவர் கையில்தான் ‘தொஸ்தர ஹொந்தஹித’ ஆனார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. ஒரே ஒரு காம்பராவில் கறுப்பு வெள்ளைப் பெட்டி, கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும், கடைசியில் முயலின் காது மட்டும் தெரியும். மூங்கிலில் கட்டிய அன்டெனாவை ஒருவன் வெளியே திருப்ப, “இன்னும், இன்னும்... போதும்டா!” என்று உள்ளேயிருந்து கத்துவோம். திருப்பப் போனவன் பாதிக் கதையைப் பார்த்திருக்க மாட்டான், பாவம். பள்ளிக்கூடத்தில் ஏறாத சிங்களம் அந்த இஸ்தோப்பில் ஏறியது. பசறை பஸ்ஸில் கண்டக்டரிடம் முயல் பாணியில் மிச்சக்காசு கேட்டு நான் வாங்கிய சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு சுட்டி டிவியில் டோரா வந்தாள்; நல்ல தமிழ்தான், ஆனால் சென்னைத் தமிழ். காம்பரா, பெரட்டு, கொழுந்து என்று எங்கள் தோட்டத் தமிழ் பேசும் ஒரு கார்ட்டூனை நான் இன்னும் கேட்கவில்லை. கையில் போனும் கணினியும் வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளே, அப்படி ஒரு கார்ட்டூன், ஒன்றே ஒன்று செய்யுங்கள். கிழட்டுப் பூனைக்குக் குரல் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.