மண்வள அட்டையில் 12 கட்டங்கள்... வேர்ப் பூஞ்சைக்கு ஒன்றுகூட இல்லையா?

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மலையடிவாரத்தில் போனால் எலுமிச்சைத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அங்கே ஒரு மரம் மஞ்சளடித்து நின்றால் முதல் கேள்வி, “என்ன உரம் வச்சீங்க?” என்பதுதான். வேரில் பூஞ்சை இருக்கா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய பயிர் அது. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களுக்கு வேர்த்தூவிகள் குறைவு. வேருக்குள் புகுந்து வாழும் பூஞ்சைதான் நூல் நூலாக மண்ணுக்குள் பரவி, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. கூலியாக மரம் தயாரிக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் பங்கு வாங்கிக்கொள்ளும். 1960-70களில் அமெரிக்க நாற்றங்கால்களில் நோய்க் கிருமிகளைக் கொல்ல மண்ணுக்குப் புகைமருந்து போட்டார்கள். கிருமி செத்தது; கன்றுகளும் வளராமல் குட்டையாகவே நின்றன. காரணம், கூடவே இந்தப் பூஞ்சையும் செத்திருந்தது. அதைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் கன்றுகள் தேறின.

இந்தக் கூட்டணிக்கு ‘மைக்கோரைசா’ என்று 1885-ல் பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க். நம்மூர் உரக்கடையில் ‘வேம்’ என்று கேட்டு வாங்குவது இதில் ஒரு வகை.

உலகத்தில் எது எங்கே இருக்கிறது? 2019-ல் 10 லட்சத்துக்கும் அதிகமான காட்டுப் பகுதிகளின் தரவை வைத்து விஞ்ஞானிகள் ஒரு வரைபடம் போட்டார்கள். பைன், ஓக் போன்ற மரங்களின் வேரை வெளியே உறை மாதிரி சுற்றிக்கொள்ளும் வகை, குளிர்ப் பிரதேசக் காடுகளில் கொடிகட்டிப் பறக்கிறது. தாவர இனங்களில் அதோடு சேர்பவை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் எண்ணிக்கையில் உலக மரங்களில் சுமார் 60 சதவீதம் அவையே. வெப்பமண்டலத்தில் வேர் செல்லுக்குள்ளேயே நுழையும் ‘வேம்’ வகைதான் ராஜா. எலுமிச்சை, கரும்பு, சோளம், தென்னை எல்லாம் இதோடுதான் கூட்டு. நெல்லும் சேரும். ஆனால் வயலில் தண்ணீர் கட்டினால் பூஞ்சை குறைந்துவிடும்.

2025 ஜூலையில் ‘ஸ்பன்’ என்ற அமைப்பின் ஆய்வு, 130 நாடுகளின் மண் மாதிரிகளிலிருந்து இன்னும் பெரிய வரைபடத்தைக் கொடுத்தது. இந்தப் பூஞ்சைகள் செழித்திருக்கும் இடங்களில் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருவது 10 சதவீதத்துக்கும் குறைவு என்பதுதான் அதில் தலைப்புச் செய்தியானது. இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. மாதிரி எடுக்காத இடங்களை, மழை, வெப்பம், மண் கணக்கை வைத்துக் கணினி ஊகித்துத்தான் நிரப்புகிறது. உலகப் படத்துக்கு அது போதும். சிவகிரியில் ஒரு தோட்டக்காரர் முடிவெடுக்க அது உதவாது.

உதவ வேண்டியது மண்வள அட்டை. 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. தழை, மணி, சாம்பல், கார அமிலத் தன்மை, துத்தநாகம் என 12 அளவீடுகள். நல்ல திட்டம்தான். ஆனால் பன்னிரண்டில் ஒன்றுகூட மண்ணில் உள்ள உயிரைப் பற்றியது இல்லை. கரிமச் சத்து அளவு ஒரு குறிப்பு தரும், அவ்வளவுதான்.

இதில் பணம் போகிறது. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் செடி பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது. இலவசமாகக் கிடைக்கும்போது கூலி எதுக்கு? அந்தத் தோட்டத்தில் ஒரு பக்கம் டிஏபி மூட்டையும் இன்னொரு பக்கம் வேம் பாக்கெட்டும் வாங்கினால் இரண்டாவது செலவு வீண். உள்ளூர்ப் பூஞ்சை நன்றாகவே இருக்கும் மண்ணிலும் பாக்கெட் பெரிதாக ஒன்றும் செய்யாது. புதிதாக நாற்றங்கால் போடுபவருக்கோ, நெல் வயலை எலுமிச்சைக்கு மாற்றுபவருக்கோ அதே பாக்கெட் உண்மையிலேயே பயன்படலாம். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது.

சோதனைக்கு மரபணு ஆய்வகமெல்லாம் வேண்டாம். சல்லி வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து, வினிகரில் கலந்த பேனா மையில் நிறமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை தெரியும். 1998-ல் வெளியான முறை இது. சிரிப்பாக இருந்தாலும் இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் சிவகிரித் தோட்டங்களில் வேர் சேகரித்தாலே முதல் பட்டியல் கையில் இருக்கும். அட்டையில் பதிமூன்றாவது கட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.