புளியரை இறக்கமும் பழைய லாரியின் பிரேக்கும்: எஃப்.சி. மட்டும் போதுமா?

2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்த லாரி, தென்காசி மாவட்டம் புளியரை அருகே எஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, கீழே ஓடும் செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு ஓடிவந்த வயதான தம்பதி ஒருவர், டார்ச் லைட்டை ஆட்டி, அந்த வழியே வந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்.

பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் ஒரு ரயிலின் பாதுகாப்பு, இருட்டில் டார்ச்சோடு ஓடும் இரண்டு முதியவர்களை நம்பி இருக்கலாமா? விபத்து என்றால் தூக்கம், வேகம், சுமை, வளைவு எனக் காரணங்கள் பல உண்டு. அவை எல்லாம் கைவிட்ட பிறகும் வண்டியை நிறுத்தவேண்டியது பிரேக். அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

16 டன் எடையுள்ள ஒரு லாரி, உயரத்தில் 100 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் முழுக்க வேறு எங்காவது போயாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 1 கோடியே 57 லட்சம் ஜூல் வருகிறது. சாதாரணத் தண்ணீர் 50 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் இது. வண்டி நியூட்ரலில் இறங்கினால், ஏறக்குறைய இவ்வளவு சூட்டையும் சக்கரங்களுக்குள் இருக்கும் இரும்பு டிரம்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கியரில் இறங்கினால் கதை வேறு. பாரத்தின் பெரும்பகுதியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். "ஏறுன கியர்லயே இறங்குடே" என்று பழைய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர், நாலு சொட்டு டீசலுக்காகப் பிரேக்கை அடகு வைக்கிறார். இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குவது அதைவிட மோசம். ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரசர் நின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் இருக்கும் காற்று குறைந்துகொண்டே வரும்.

டிரம் பிரேக் எங்கே ஏமாற்றுகிறது?

டிரம் சூடானால் விரியும். அதாவது, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும். லைனிங்கும் ஓரளவுக்கு மேல் சூடேறினால் பிடிமானத்தை இழக்கும். மேலே இறக்கம் ஆரம்பிக்கும்போது அரை மிதியில் பிடித்த பிரேக், கீழே வரும்போது முழு மிதியிலும் பிடிக்காது. வண்டி குளிர்ந்த பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். 'நல்லாத்தானே இருந்துச்சு' என்று சொல்லப்படும் பல விபத்துகளில் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

பழைய வண்டியில் இது இன்னும் சீக்கிரம் வரும். லேத்தில் பல முறை கடைந்த டிரம்மில் இரும்பு மெலிந்திருக்கும். மெலிந்த இரும்பு சீக்கிரம் சூடாகும். டிரம்மை எந்த அளவுக்கு மேல் கடையக் கூடாது என்ற வரம்பைத் தயாரிப்பாளர்கள் சொல்லியே இருக்கிறார்கள். பட்டறையில் அதை அளந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

சாரலும் பிரேக் ஆயிலும்

குற்றாலம் சீசனுக்கு வரும் வேன், கார்களில் பிரேக் ஆயில்தான் வேலை செய்கிறது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இதே அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். மிதி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். "கொறஞ்சா ஊத்திக்கலாம்" என்பது பராமரிப்பு ஆகாது.

லாரி, பஸ்களின் ஏர் பிரேக்குக்கும் ஈரம் எதிரி. டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். லைனிங் தேயத் தேய ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் பத்து நிமிட வேலை, செலவும் கிடையாது. இருந்தும் லோடு அவசரத்தில் முதலில் விடுபடுவது இவைதான்.

தண்டவாளத்தில் இருக்கும் ஒழுங்கு

இதே மலையில், 1904 முதல் ரயில் ஓடுகிறது. மீட்டர் கேஜ் காலத்து வாக்குவம் பிரேக் போய், 2018-ல் அகலப்பாதை முழுமையானபோது ஏர் பிரேக் ரயில்கள் வந்தன. காலம் மாறினாலும் ஒரு விதி மாறவில்லை: பிரேக் சோதித்துச் சான்று இல்லாமல் ரயில் புறப்படாது. கீழே ரயிலுக்கு அந்த ஒழுங்கு. மேலே அதே சரிவில் இறங்கும் லாரிக்கு, ஓட்டுநரின் மனசாட்சி மட்டுமே சான்று.

பழைய சிறு விமானங்களையும் பார்க்கலாம். பல நாடுகளில் பயிற்சிக்குப் பயன்பட்ட டைகர் மாத் விமானத்துக்குச் சக்கர பிரேக்கே கிடையாது. வாலில் இருந்த சறுக்குக்கட்டை புல்தரையில் உரசித்தான் நிற்கும். பைப்பர் கப் போன்றவற்றில் ரப்பர் குழாய் உப்பி டிரம்மை அழுத்தும் பிரேக் இருந்தது. இன்றும் பறக்கும் கப்புகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அனுமதி பெற்ற பாகம், தகுதி பெற்ற மெக்கானிக், பதிவேட்டில் கையெழுத்து என மூன்றும் வேண்டும். எழுபது, எண்பது வயதான விமானம் இன்னும் பறப்பது அந்தப் பதிவேட்டின் பலத்தில்.

லாரி, வேனில் பிரேக்கை மேம்படுத்தலாமா?

செய்யலாம், ஆனால் அளவோடு. டாட் 3 ஆயிலுக்குப் பதில் டாட் 4 ஊற்றலாம். சிலிக்கான் வகையான டாட் 5 கூடாது. தரமான லைனிங், தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் ஆகியவற்றைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் போடலாம். டிரம்மைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் டிஸ்க்கை மாட்டுவது வேண்டாத வேலை. முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான சமநிலை கெடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மெக்கானிக்குகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியைப் பறக்கவிட்டால் அது நுரையீரலில்தான் போய் உட்காரும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

எட்டு வயது வரையான வணிக வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையும் எஃப்.சி. காட்ட வேண்டும். காலி வண்டியை, குளிர்ந்த பிரேக்கோடு, ஒருநாள் காட்டிவிட்டு வருவது அது. மீதி 364 நாள் சுமையோடு மலை இறங்குவதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

எனவே மூன்று காரியங்கள் தேவை. ஒன்று, விமானத்துக்கு இருப்பதுபோல் ஒவ்வொரு வணிக வண்டிக்கும் பிரேக் பதிவேடு. லைனிங் மாற்றிய தேதி, டிரம் அளவு, பட்டறையின் கையெழுத்து ஆகியவை அதில் இருக்கட்டும். இரண்டு, இறக்கம் தொடங்கும் கோட்டைவாசல் பக்கத்திலேயே கனரக வண்டிகள் கட்டாயம் நின்று, காற்றழுத்தத்தையும் பிரேக் சூட்டையும் பார்த்துவிட்டு இறங்கும் ஏற்பாடு. அடிவாரத்தில் சோதிப்பதில் பயனில்லை. எல்லையின் இருபுறமும் இருக்கும் இரண்டு அரசுகளும் சேர்ந்தால்தான் இது நடக்கும். மூன்று, பிரேக் போன வண்டி ஏறி நிற்க, இடம் அனுமதிக்கும் இடத்தில் ஜல்லி நிரப்பிய தப்பிப்பு மேடு.

"ஏற்கெனவே வாடகை கட்டுபடியாகலை, இதுல இது வேறயா?" என்று சிறு உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் சோதனைக்குக் கட்டணம் இருக்கக் கூடாது. நிற்கும் நேரத்துக்காக ஓட்டுநரின் படியில் கைவைக்கவும் கூடாது. பாவூர்சத்திரம் காய்கறி கேரளத்துக்குப் போவதும், அங்கிருந்து சரக்கு தூத்துக்குடிக்கு வருவதும் இந்தச் சாலையில்தான். அந்தச் சரக்கால் லாபம் பார்க்கும் வியாபாரிகளும் இரு அரசுகளும் செலவில் பங்கெடுப்பதே முறை.

அதுவரைக்கும், இந்த சீசனுக்குக் குற்றாலம் கிளம்புகிறவர்கள் வேன் பேசும்போது வாடகையோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: "பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்கண்ணே?"