யாப்பகுவாவை ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?

வடக்குப் பாதையும் கிழக்குப் பாதையும் சந்திக்கிற ரயில் நிலையம் மாகோ. கொழும்புக்குப் போய்வருகிற எங்களில் பாதிப்பேருக்கு அந்தப் பெயர்ப்பலகை பாடம். அங்கிருந்து சில கிலோமீற்றரில்தான் யாப்பகுவா இருக்கிறது. 90 மீற்றர் உயரப் பாறை, அடியில் அகழியும் மதிலும், செங்குத்தாக ஏறுகிற சிற்பப் படிக்கட்டு. ஒருநாள் ட்ரிப்புக்கு இதைவிட என்ன வேணும்? ஆனாலும் எங்கட வான்கள் எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும்தான் போகின்றன. கேட்டால், "அது அவையின்ர இடம்" என்று ஒரு பதில்.

இந்தப் பதிலைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

கதை எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். 1215இல் பொலன்னறுவையைப் பிடித்த மாகனிடமிருந்து தப்ப, சுப என்ற சேனாதிபதி இந்தப் பாறையை அரணாக்கினான். பிறகு முதலாம் புவனேகபாகு இதைத் தலைநகராக்கினான். 1284 அளவில் அவன் இறந்தபின், பாண்டியன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி கோட்டையைப் பிடித்துப் புத்தரின் தந்ததாதுவைக் கொண்டுபோனான். ஒரு பக்கம் இதைத் "தமிழர் அழித்தார்கள்" என்று படிப்பிக்கிறது. எங்கட பக்கத்து முகநூல் வீரர்கள் "அண்டைக்கே அடிச்சம்" என்று மீசை முறுக்குகிறார்கள். சண்டை இரண்டு மாதிரி, கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்குப் பிழை. புவனேகபாகுவின் அண்ணனைக் கொன்றது வெளியாள் இல்லை, சொந்தச் சேனாதிபதி மித்த. அந்த மித்தவின் தலையை வெட்டிப் புவனேகபாகுவுக்கு வழிவிட்டது வட இந்தியக் கூலிப்படை வீரன் தாகுரகன். ஆரியச்சக்கரவர்த்தி போனது இனத்துக்காக இல்லை, மதுரை அரசனுக்காக. அடுத்துவந்த மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடமே நேரில் போய், பேசி, தாதுவைத் திருப்பிக் கொண்டுவந்தான். சூளவம்சத்தில் கொடியவனாக வருகிற மாகன், மட்டக்களப்பு மரபில் கோயில் ஒழுங்கை வகுத்த மாகோனாக வருகிறான். எந்த அரசனை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

கல்லையும் பாருங்கோ. வாசலில் கஜலட்சுமி. படிக்கட்டு ஓரங்களில் ஆடுகிற, மேளம் அடிக்கிற உருவங்கள், தென்னிந்தியக் கோயில்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை. பழைய பத்து ரூபாய்த் தாளில் வந்த சிங்கமும் இங்கேதான் நிற்கிறது. மண்ணுக்குள் சீன நாணயங்கள் கிடைத்தன. 1283இல் இந்த அரசன் வியாபாரம் பேச எகிப்தின் கெய்ரோவுக்குத் தூது அனுப்பினான். உலகத்தோடு புழங்கிய ஒரு இடத்தை ஒரே இனத்தின் வீட்டுக்குள் பூட்டிவைப்பது ஆருக்கு லாபம்?

எங்களுக்கு நிச்சயமாக இல்லை. குருந்தூர்மலையில் என்ன பிரச்சினை? ஒரு பழைய கல் பௌத்தக் கல் என்றால் அது சிங்களவருடையது மட்டும்தான் என்ற வாதம். தமிழ்ப் பௌத்தர்களும் இருந்தார்கள் என்று நாங்கள் அங்கே நின்று வாதாடுகிறோம். சரியான வாதம். ஆனால் யாப்பகுவாவைப் பார்த்து "அது அவையின்ர" என்று சொல்லும்போது, எதிர்த்தரப்பின் அதே விதியில்தான் கையெழுத்துப் போடுகிறோம். கல்லுக்கு இனம் ஒட்டுகிற பழக்கத்தை ஒரு மலையில் ஏற்றுக்கொண்டு இன்னொரு மலையில் மறுக்க ஏலாது.

ஆகவே போங்கோ. விருந்தாளியாகவும் வேண்டாம், வென்றவனின் பேரனாகவும் வேண்டாம். இந்த நாட்டு வரலாற்றில் பங்குள்ள ஆட்களாகப் போங்கோ. வெயில் ஏறமுதல் ஏறினால் நல்லது, பிறகு கல் சுடும். செல்பி எடுங்கோ, பிரச்சினையில்லை. அதோடு கேள்வியும் கேளுங்கோ. விளக்கம் சொல்கிறவர் பாதிக் கதையோடு நிறுத்தினால், மிச்சப் பாதியைச் சொல்ல நாங்கள் அங்கே நிற்கவேணும்.