கோபத்தை அடக்குன்னு யாருக்குச் சொல்றீங்க?

'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' கிளாஸ்ல உட்கார்ந்து கொட்டாவி விடாத மக்கள் நம்மில் கம்மிதான். டேனியல் கோல்மேன் 1995-ல் எழுதின புத்தகத்தால் பிரபலமான சரக்கு. அதில் தன் கோபத்தைக் கட்டுப்படுத்துவதும் உண்டு, அடுத்தவர் மனசைப் புரிஞ்சுக்கறதும் உண்டு. நம்மாளுங்க முதல் பாதியை மட்டும் கிழிச்சு கீழே இருக்கிறவங்க கையில் கொடுத்துட்டாங்க. மேலே இருக்கிறவருக்கு? "சாருக்கு முன்கோபம், மத்தபடி தங்கமான மனுஷன்." அடேங்கப்பா!

எங்க திமிரிப் பக்கம் வாங்க. தோல், ஷூ கம்பெனிகளை நம்பி வாழுற பெல்ட் இது. ஷூ தைக்கிற லைன்ல பெரும்பாலும் பெண்கள். டார்கெட்டில் நாலு ஜோடி குறைஞ்சா, "வீட்ல சோறுதான திங்கிற?"ன்னு நாற்பது பேர் முன்னாடி கேட்கிற சூப்பர்வைசருக்கு வயசு இருபத்தஞ்சு. கேட்டுக்கிட்டு நிக்கிற அக்காவுக்கு நாற்பத்தஞ்சு. தலையைக் குனிஞ்சு அடுத்த பீஸை எடுக்கிறாங்க பாருங்க, அவங்களுக்கா ஐயா கோபத்தை அடக்கக் கிளாஸ்?

"அதட்டலேன்னா ஷிப்மென்ட் போகாது"ன்னு ஒரு வாதம் வரும். தப்பு. பயந்தவங்க தையல் பிசகினா சொல்ல மாட்டாங்க, மறைச்சு அடுத்த டேபிளுக்குத் தள்ளிடுவாங்க. கடைசியில் அந்த ஷூ ரிஜெக்ட் ஆகும். நஷ்டம் யாருக்கு?

சரி, மேலே இருக்கிறவரை மாத்தவே முடியாதா? திண்டுக்கல்லைப் பாருங்க. நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஒரு இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானது அவருடைய சூப்பர்வைசர். அதன் பிறகு பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், 25 பேருக்கு ஒருத்தர். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினா ஆர்டருக்கே ஆபத்து. எச் & எம் மாதிரி பெரிய கம்பெனிகளும் இதில் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

கவனிங்க, அந்த ஒப்பந்தத்திலும் பயிற்சி இருந்தது. ஆனா சூப்பர்வைசருக்கும், மேனேஜருக்கும் சேர்த்து! பயிற்சிக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்னுச்சு, கேட்கிறதுக்கு ஆள் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

என்னைக் கேட்டா, மேலே இருக்கிற பலருக்கு அடுத்தவர் மனசு புரியாமல் இல்லை. முதலாளி முன்னாடி அதே சூப்பர்வைசர் எவ்வளவு பவ்யமா பேசுறார்! அந்தத் திறமை அவர்கிட்ட நிறையவே இருக்கு. கீழே பார்த்துப் பேசும்போது தேவைப்படலை, அவ்வளவுதான். தேவைப்படுற மாதிரி செய்யணும். அதுக்குப் பவர்பாயின்ட் பத்தாது மக்களே, சங்கம் வேணும்.