சேலம் சிறையில் 22 பேர் சுட்டுக் கொலை: 1950ல் நடந்ததுக்கும் இன்னைக்கு உங்க போன்ல ஆப் முடக்கப்படுவதற்கும் என்ன தொடர்பு?

சேலம் அஸ்தம்பட்டி வழியா ஏற்காடு போறவங்க மத்திய சிறையின் மதில் சுவரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. 1862ல் கட்டப்பட்ட சிறை அது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி அந்தச் சுவருக்கு உள்ளே போலீசும் சிறைக் காவலர்களும் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தினர். 22 பேர் இறந்தார்கள். ஏராளமானோர் காயமடைந்தார்கள். இறந்த அனைவரும் கம்யூனிஸ்ட் கைதிகள்.

தேதியை இன்னொரு தடவை பாருங்க. இந்தியா குடியரசாகி, அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. அதிலிருந்து சரியாக 16வது நாள் இந்தச் சம்பவம்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 9 அன்று, அமெரிக்காவின் வீலிங் நகரில் ஜோசப் மெக்கார்த்தி என்ற செனட்டர் ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள், பட்டியல் என்னிடம் இருக்கிறது என்றார். 'மெக்கார்த்தியிசம்' என்று உலகம் பேசும் அச்ச அரசியல் சூடுபிடித்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

அமெரிக்கக் கதையைப் பலரும் கேட்டிருப்போம். அதே நேரத்தில் அதே பயம் நம்ம ஊர்ல என்ன செய்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

கம்யூனிஸ்டுகளைப் பார்த்து அரசு ஏன் பயந்தது?

அந்தப் பயம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. 1946 முதல் தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1948ல் கல்கத்தாவில் நடந்த கட்சி மாநாடு, நேரு அரசை எதிர்த்துக் கிளர்ச்சிப் பாதையில் போவது என்று முடிவெடுத்தது. 1949ல் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சீனாவில் மாவோ ஆட்சி வந்தது.

டெல்லிக்கும் சென்னைக்கும் இதெல்லாம் அடுத்தடுத்து அடித்த எச்சரிக்கை மணி. 1949 செப்டம்பரில் சென்னை மாகாண அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. அப்போது முதல்வர் குமாரசாமி ராஜா. ஆயுதம் எடுத்தவர், நோட்டீஸ் ஒட்டியவர், விவசாய சங்கம் நடத்தியவர், கூட்டத்துக்குப் போனவர் என்று வித்தியாசம் பார்க்காமல் கைது நடந்தது. நெல்லை சதி வழக்கில் பிடிபட்ட ஆர்.நல்லகண்ணு சுமார் ஏழு ஆண்டுகளைச் சிறையில் கழித்தது அந்தக் காலத்தில் தொடங்கிய கதைதான்.

சேலம் சிறையில் நடந்தது என்ன?

இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மலபார்க்காரர்கள். கேரளாவைச் சேர்ந்தவர்கள் சேலத்தில் எப்படி என்று தோணலாம். 1956 வரை மலபார் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. அங்கே ஜமீன்தார்களையும் நெல் பதுக்கலையும் எதிர்த்துப் போராடிய விவசாயிகள் பலரைக் கைது செய்து, கண்ணூர், வேலூர், சேலம் என்று மாகாணத்தின் பல சிறைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

கைதிகளின் கோரிக்கை, தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது. திருட்டு, கொலை வழக்கில் வந்தவர்களைப் போல நடத்துவதை ஏற்க மறுத்தார்கள். சிறை நிர்வாகத்தோடு மோதல் முற்றியது. கைதிகள் ஊழியர்களைத் தாக்கினார்கள், அதனால் சுட வேண்டி வந்தது என்பது அரசுத் தரப்பு. தப்பிக்க வழியில்லாத இடத்தில் வைத்துச் சுட்டுத் தள்ளினார்கள் என்பது கம்யூனிஸ்டுகள் தரப்பு.

இதில் ஒரு வேதனை. இதே கோரிக்கையை வைத்துத்தான் காங்கிரஸ்காரர்களும் வெள்ளைக்காரன் சிறைகளில் பல வருஷம் போராடினார்கள். அந்தச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்கள்தான் 1950ல் ஆட்சியில் இருந்தார்கள்.

எதிரி யார்? ஒரே வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்

திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் தெரியும் இல்லையா? இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர் டாக்டர் ப.சுப்பராயன். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். 1947-48ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறையும் போலீசும் அவர் கையில்.

அவருடைய மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள். இன்னொரு மகன் பி.பி.குமாரமங்கலம் ராணுவ அதிகாரி. பின்னாளில் நாட்டின் தரைப்படைத் தளபதியே ஆனார். அப்பா போலீஸ் மந்திரி, ஒரு பிள்ளை ராணுவத்தில், இரண்டு பிள்ளைகள் போலீஸ் தேடும் கட்சியில். 'நாட்டின் எதிரிகள்' என்று சொல்லப்பட்டவர்கள் ரஷ்யாவிலிருந்து வந்து இறங்கியவர்கள் இல்லை. ஒரே வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான்.

இந்த மண்ணோடு பின்னிப்பிணைந்த இன்னொருவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். 1950 டிசம்பரில் சர்தார் படேல் மறைந்த பிறகு மத்திய உள்துறை அமைச்சரானார். தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டிக்கும் வேலையை நாடாளுமன்றத்தில் முன்னின்று செய்தவர் அவர்தான். 1952ல் சென்னை முதல்வரானதும், கம்யூனிஸ்டுகள்தான் தனக்கு முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

கோர்ட் என்ன சொன்னது?

சேலம் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டே வாரத்தில், 1950 பிப்ரவரி 25 அன்று, படேல் கொண்டுவந்த தடுப்புக்காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குற்றம் செய்ததற்காக இல்லை, செய்யக்கூடும் என்பதற்காகவே ஒருவரைச் சிறையில் வைக்க அது வழி செய்தது. அதன் பிறகு வந்த மூன்று வழக்குகளும் சென்னை அரசுக்கு எதிரானவை.

1. ஏ.கே.கோபாலன் வழக்கு. கம்யூனிஸ்ட் தலைவரான இவர், நாடு சுதந்திரம் பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்றும் சிறையில்தான் இருந்தார். தடுப்புக்காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 19ல் தீர்ப்பு. சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதெல்லாம் செல்லும் என்றது கோர்ட். கோபாலனுக்குத் தோல்வி.

2. ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழை, சென்னை மாகாணத்துக்குள் நுழையவே கூடாது என்று 1950 மார்ச் 1ல் அரசு தடை செய்தது. சேலம் சம்பவம் நடந்து 18 நாள் ஆகியிருந்தது. பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவைதான் அரசு சொன்ன காரணம். மே 26ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம். 'பொது ஒழுங்கு' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லித் தடுக்க அரசியலமைப்பில் இடமில்லை என்றது.

அதே நாளில் ஆர்.எஸ்.எஸ். சார்பு 'ஆர்கனைசர்' இதழுக்கும் சாதகமான தீர்ப்பு வந்தது. அந்த இதழைப் பிரசுரத்துக்கு முன்பே தணிக்கைக்கு அனுப்பச் சொல்லியிருந்தது டெல்லி நிர்வாகம். இடதுக்காகச் செய்த கத்தி வலதையும் வெட்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

3. வி.ஜி.ராவ் வழக்கு. 'மக்கள் கல்விக் கழகம்' என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என்று 1950 மார்ச்சில் அரசு அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி.ராவ் கோர்ட்டுக்குப் போனார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஜெயித்தார், 1952 மார்ச் 31ல் உச்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தார். அரசு நினைத்தாலே ஒரு அமைப்பைத் தடை செய்துவிடலாம், கோர்ட் விசாரணை வேண்டாம் என்பது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் உரிமை வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் இந்தப் பயம் பெரும்பாலும் வேலையைப் பறித்தது. 1947லேயே அரசு ஊழியர்களின் 'விசுவாசத்தை'ச் சோதிக்கும் உத்தரவை அதிபர் ட்ரூமன் போட்டிருந்தார். ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியல். ஆசிரியர்கள், நடிகர்கள், எழுத்தாளர்கள் என்று பலர் வாய்ப்பிழந்தார்கள். சார்லி சாப்ளின் 1952ல் வெளிநாடு போனபோது திரும்பி வரும் அனுமதியே ரத்தானது. பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுப்பாரோ என்று பேசவே தயங்கினார்கள் மக்கள்.

1951 ஜூன் 4ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வளைந்து கொடுத்தது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேருக்கு விதிக்கப்பட்ட தண்டனை சரியே என்றது. ஆனால் 1954ல் மெக்கார்த்தி ராணுவத்தோடு மோதியபோது விசாரணை டிவியில் நேரடியாக ஒளிபரப்பானது. ஜனங்க நேரில் பார்த்தாங்க, அலை திரும்பியது. அந்த டிசம்பரில் செனட் அவரைக் கண்டித்தது. 1957க்குள் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தன் நிலையைத் தளர்த்தியது. அங்கே பயத்தோடு சேர்ந்து அது உருவாக்கிய நடைமுறைகளில் பலவும் மெல்லக் கரைந்தன.

இந்தியாவில் மட்டும் வேறு மாதிரி ஆனது ஏன்?

இங்கேதான் விஷயமே இருக்கு. நம்ம கோர்ட், ரொமேஷ் தாப்பர் வழக்கில் பேச்சுரிமையின் பக்கம் நின்றது. ஆனால் அரசு அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அரசியலமைப்பையே திருத்தியது.

1951 ஜூன் 18ல் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடக்கவில்லை. அமெரிக்கத் தீர்ப்பு வந்து சரியாக 14 நாள். பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் மூன்று காரணங்கள் புதிதாகச் சேர்ந்தன: பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடன் நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல். கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. கோர்ட்டுகள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

நிலச் சீர்திருத்தம், இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கும் இதே திருத்தம்தான் பாதுகாப்பு கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் முழுத் திருத்தமும் பயத்தின் குழந்தை என்று சொல்ல முடியாது. பேச்சுரிமைப் பகுதி மட்டும் கோர்ட்டில் தோற்ற தடைகளுக்கான பதில்.

மக்கள் என்ன சொன்னார்கள்?

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. நேற்று வரை தடை செய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள். சிறையிலிருந்தபடியே மதுரையில் நின்ற பி.ராமமூர்த்தி ஜெயித்தார். கோபாலன் மக்களவைக்குப் போனார். ஐந்தே வருஷத்தில், 1957ல், கேரளாவில் அதே கட்சி ஓட்டு வாங்கி ஆட்சியே அமைத்தது. மோகன் குமாரமங்கலம் பிற்பாடு காங்கிரசில் சேர்ந்து இந்திரா காந்தி அமைச்சரவையில் மந்திரியானார். 'முதல் எதிரி' என்ற பேச்சு அதற்குள் பழங்கதை ஆகிவிட்டது.

அப்போ மிச்சம் என்ன?

பயம் போச்சு. அது எழுதிய வார்த்தைகள் போகவில்லை.

தமிழ்நாட்டில் 1982ல் வந்த குண்டர் சட்டத்தை எடுத்துக்குங்க. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். அடிப்படை, 'பொது ஒழுங்கு'. சாராய வியாபாரிகள், ரவுடிகளுக்கு என்று தொடங்கியது. பிறகு திருட்டு விசிடி, மணல் கடத்தல், சைபர் குற்றம் வரை விரிந்தது. இந்தச் சட்டத்தில் போடப்பட்ட பல உத்தரவுகளை உயர் நீதிமன்றம் பின்னர் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதுவரை கழிந்த மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

உங்க போனுக்கே வருவோம். வெப்சைட்டையோ ஆப்பையோ மத்திய அரசு முடக்கும்போது பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. அதிலுள்ள காரணங்களைப் படிச்சுப் பாருங்க. பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடன் நட்புறவு இரண்டும் அதில் இருக்கின்றன. 2020ல் டிக்டாக் உட்பட 59 ஆப்கள் இந்தப் பிரிவில்தான் முடக்கப்பட்டன.

இதுபோன்ற அதிகாரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கலவரம் நடக்கும் ஊரில் அரசு கை கட்டி நிற்க முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட எதிரிக்காக என்று சொல்லி வாங்கும் அதிகாரம், அந்த எதிரி போன பிறகும் அரசின் கையிலேயே இருக்கிறது. அடுத்து யார் மேல் பாயும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1950ல் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கும்போது கைதட்டியவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு பிப்ரவரி 11 அன்றும் இடதுசாரிகள் சேலத்தில் அந்த 22 பேருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். மற்ற கட்சிக்காரர்கள் பலருக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அடுத்த முறை ஒரு உத்தரவில் 'பொது ஒழுங்கு கருதி' என்று படித்தால், என்ன நடந்தது, யாருக்கு ஆபத்து, ஆதாரம் என்ன என்று கேளுங்க. 1950ல் கோர்ட் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான்.