பந்தி காக்கும் புண்ணியவான்கள்

“தேவநற்கருணை பரிசுத்தவான்களின் பந்தி, பாவத்தில் விழுந்தெழுந்தவன் பல மாதம் தள்ளி நிற்பதே அதற்கு மரியாதை” என்று தவக்காலந்தோறும் பிரசங்கிமார் முழங்கக் கேட்டு எம் செவி புளித்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பும் பெற்றுவிட்ட ஒருவனை, சர்வேசுரன் ஏற்றுக்கொண்ட பின்னும் ஏற்க மனம் வராத இப்பெரியோர், பரிசுத்தத்தில் அவரையும் விஞ்சியவர்கள் போலும்!

முதற்கண் இவர்கள் எடுத்து வீசுவது, அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு விடுத்த எச்சரிக்கை. செல்வர் முந்தி உண்டு வெறித்திருக்க, ஏழைகள் பசித்துக் கிடந்த அநியாயத்தையன்றோ அங்கே அவர் கண்டித்தார்! அடுத்து யூதாஸைக் காட்டுவர். அதே பந்தியில் அமர்ந்து, கோழி கூவுமுன் மும்முறை மறுதலித்த இராயப்பரை மறந்துவிடுவர்.

பிறகு ஆதித் திருச்சபையின் கடுமையைச் சொல்லி மலைக்க வைப்பார்கள். அத்திருச்சபையையே கேட்போம். தேசியுஸ் சக்கரவர்த்தியின் வேதகலாபனையில் பொய்த்தேவர்களுக்குப் பலியிட்டுவிட்டு, பின்னர் மனம் வருந்திப் பன்முறை மன்றாடியும் எவரும் செவிசாய்க்காத நிலையில், அலெக்சாந்திரியாவில் செராப்பியோன் என்னும் முதியவர் நோயுற்று, மூன்று நாள் பேச்சும் நினைவுமின்றிக் கிடந்து, நான்காம் நாள் சற்றே தெளிந்ததும், குருவானவரை அழைத்துவரப் பேரனை அனுப்பினார். இரவு வேளை, குருவானவரும் பிணியாளர். ஆயினும், மரணத் தறுவாயில் கேட்போர்க்கு மன்னிப்பளிக்குமாறு மேற்றிராணியார் தியோனீசியுஸ் கட்டளையிட்டிருந்தபடியால், நற்கருணையில் சிறிது எடுத்துச் சிறுவனிடம் கொடுத்து, நனைத்துக் கிழவரின் வாயில் இடுமாறு சொல்லியனுப்பினார். பையன் அவ்வாறே செய்தான். கொஞ்சம் விழுங்கிய உடனே முதியவரின் ஆவி பிரிந்தது. கடுமைவாதியாகிய நொவாசியானின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த அந்தியோக்கியா மேற்றிராணியாருக்குத் தியோனீசியுஸே இதை எழுதினார். எவுசேபியுஸின் திருச்சபைச் சரித்திரத்தில் இன்றும் வாசிக்கலாம். நம் பிரசங்கியார் அங்கிருந்திருந்தால் அந்தப் பையன் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பான். அதுவரை தள்ளித்தானே வைத்தார்கள் என்று மடக்குவோர், மரிப்பவர்க்கு வழித்துணையான நற்கருணையை மறுக்கலாகாது என 325-இல் நிசேயா சங்கம் விதித்ததையும் சேர்த்தே பேசட்டும்.

உண்மையில் இவர்கள் விற்கும் சரக்கு ஆதித் திருச்சபையினதன்று. 1643-இல் பிரான்சு தேசத்து அர்னோ எழுதிய நூலால் ஊக்கம் பெற்ற ஜான்சேனியர் என்னும் கடுமைவாதிகளுடையது. அதற்கு முன்பே, 1551-இல், திரிதெந்தீன் சங்கம் நற்கருணையை அன்றாடக் குற்றங்களுக்கு மாற்று மருந்தென்று போதித்திருந்தது. 1905 டிசம்பரில் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளிவந்த கட்டளையோ, சாவான பாவமின்றி நேரிய கருத்தோடு வருபவரை நாள்தோறும் அணுகவிடுமாறு தெளிவாகவே தீர்ப்புரைத்தது. பிரசங்கிமார் அதனை ஒருமுறையேனும் வாசித்தருளுமாறு வேண்டுகிறோம்.