ஸ்கேனில் 'கிரேடு 1' என்றால் நிம்மதியா? ஃபேட்டி லிவர் பரிசோதனை யாருக்கு அவசியம்.. ரத்தப் பரிசோதனை எண்கள் சொல்வது என்ன?

"குடிக்கிற பழக்கமே இல்லை, எனக்கு எப்படி கல்லீரல் பிரச்னை வரும்?" - வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அடுத்த கேள்வி, "கிரேடு 1 தானே, பயப்பட ஒண்ணும் இல்லையே?" என்பது. முதல் கேள்விக்கான பதில் இன்று பலருக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை, தொப்பை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவையே மது இல்லாமலும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்துவிடும். சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட பகுப்பாய்வில், பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர் இருப்பது தெரியவந்தது. ஹைதராபாத் ஐடி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில் இது 84 சதவீதம். ஒன்றிய சுகாதார அமைச்சர் ஜே.பி.நட்டா நாடாளுமன்றத்திலேயே குறிப்பிட்ட எண் அது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் கணக்கு என்பதால், அதை அப்படியே நாட்டுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் 38 சதவீதமே சாதாரண எண் அல்ல. பத்து பேர் நிற்கும் ரேஷன் கடை வரிசையில் கிட்டத்தட்ட நான்கு பேர்.

அப்படியென்றால் எல்லோரும் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். யாருக்கு வேண்டும், எந்தப் பரிசோதனை முதலில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கொழுப்பு வேறு, தழும்பு வேறு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் கிரேடு 1, 2, 3 என்பவை கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு தெரிகிறது என்பதற்கான தோராய அளவு. அவ்வளவுதான். கல்லீரல் எந்த அளவுக்குச் சேதமாகியிருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்த எல்லோருக்கும் அது ஆபத்தாக மாறுவதில்லை. பெரும்பாலானோருக்கு கொழுப்பு கொழுப்பாகவே இருந்துவிடும். ஒரு பகுதியினருக்கு அங்கே அழற்சி ஏற்பட்டு, செல்கள் அழிந்து, அந்த இடத்தில் தழும்பு விழத் தொடங்கும். மருத்துவர்கள் இதை 'ஃபைப்ரோசிஸ்' என்கிறார்கள். எஃப்0 முதல் எஃப்4 வரை ஐந்து நிலைகள். எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம். யார் கல்லீரல் செயலிழப்புக்குப் போவார், யாருக்குப் புற்றுநோய் வரும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் கொழுப்பின் அளவைவிட இந்தத் தழும்பின் அளவுக்குத்தான் முக்கியத்துவம் அதிகம்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. சிரோசிஸ் முற்றும்போது கல்லீரலில் கொழுப்பு குறைந்துபோவதும் நடக்கும். ஆக, 'கிரேடு 1' என்று எழுதப்பட்ட ஒருவரின் கல்லீரல், 'கிரேடு 2' என்று எழுதப்பட்டவரின் கல்லீரலைவிட மோசமாக இருக்கலாம். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கொழுப்பு குறைவாக இருந்தால் அதைத் தவறவிடும், ஆரம்பகட்டத் தழும்பைக் காட்டவே காட்டாது.

கல்லீரல் வலிக்காது என்பதும் பிரச்னைதான். வயிற்றில் நீர் கோர்த்து, கால் வீங்கி, ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்கு வரும்போதுதான் பலருக்கு சிரோசிஸ் இருப்பதே தெரிகிறது. அதற்கு முந்தைய பத்து, பதினைந்து ஆண்டுகள் அவர் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் அதே மருத்துவமனைக்கு வந்து போயிருப்பார்.

எல்லாமே நார்மல்.. ஆனாலும்?

தழும்பு இருக்க வாய்ப்புள்ளதா என்பதைக் கண்டறிய முதல் வடிகட்டியாக உலகம் முழுவதும் பயன்படுவது 'ஃபிப்-4' என்ற கணக்கு. 2006-ல் எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்து இருந்த நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டது, பிறகு ஃபேட்டி லிவருக்கும் கைகொடுத்தது. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கு போதும். கடைசி மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் கிடைப்பவை.

வயதை எஸ்ஜிஓடி-யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு, அதை எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுத்தால் ஃபிப்-4.

ஒரு கற்பனை உதாரணம் பார்க்கலாம். 52 வயது, சர்க்கரை நோய் உள்ளவர். எஸ்ஜிஓடி 39, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1 லட்சத்து 80 ஆயிரம். பல ஆய்வகங்கள் 40 வரை நார்மல் என்றே போடுகின்றன. பிளேட்லெட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆக ரிப்போர்ட்டில் ஒரு எண்கூட தடித்த எழுத்தில் இருக்காது. 'எல்லாம் நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் கணக்குப் போட்டால் ஃபிப்-4 சுமார் 1.88 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால்தான் தீவிரத் தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். இவர் நடுவில் நிற்கிறார். அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்.

இப்போது இன்னொருவர். வயது 38, எஸ்ஜிஓடி 36, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2 லட்சத்து 60 ஆயிரம். எஸ்ஜிபிடி-யைப் பார்த்து வீடே பதறும். இவருக்கு ஃபிப்-4 வெறும் 0.66 தான். எஸ்ஜிபிடி ஏன் ஏறியது என்று பார்க்கத்தான் வேண்டும், எடையும் குறைக்க வேண்டும். ஆனால் தீவிரத் தழும்பைப் பொறுத்தவரை முதல் நபர்தான் கவலைக்குரியவர்.

இந்தக் கணக்குக்கும் எல்லைகள் உண்டு. 35 வயதுக்குக் கீழே இதை அதிகம் நம்ப முடியாது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு வயதே எண்ணை ஏற்றிவிடும் என்பதால் 1.3-க்குப் பதிலாக 2.0 என்ற அளவைப் பார்க்கிறார்கள். டெங்கு போன்ற காய்ச்சல் நேரத்தில் பிளேட்லெட் இறங்கி எஸ்ஜிஓடி ஏறும், அப்போது கணக்குப் போட்டால் தேவையில்லாத பீதிதான் மிஞ்சும். உடம்பு சரியான பிறகு எடுத்த ரிப்போர்ட்டை வைத்தே பார்க்க வேண்டும்.

ஃபிப்-4 எண் 1.3-ஐத் தாண்டினால் அடுத்தது 'ஃபைப்ரோஸ்கேன்'. விலா எலும்புப் பக்கம் ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் வலியில்லாத பரிசோதனை. கிலோபாஸ்கல் என்ற அலகில் முடிவு வரும். 8-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் நிம்மதி. ஊசி போட்டு சதை எடுக்கும் பயாப்ஸி இப்போது மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது.

யாருக்கு அவசியம்?

டைப் 2 சர்க்கரை நோயாளிகள் முதல் வரிசை. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஃபேட்டி லிவர் இருக்கும் என்பதால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபிப்-4 பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். ஐசிஎம்ஆர் உதவியுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் மட்டும் சுமார் 10 கோடி பேர். சர்க்கரைக்கு முந்தைய நிலையில் 13 கோடிக்கும் மேல்.

அடுத்து, உடல் பருமனுடன் உயர் ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு போன்ற ஏதாவது ஒன்று சேர்ந்திருப்பவர்கள். இங்கே நம் ஊர் ஆட்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. பருமன் என்றதும் மேற்கத்திய அளவை வைத்துக்கொண்டு "நான் ஒல்லிதானே" என்று நினைப்பதுதான் அது. தெற்காசியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. பேன்ட் சைஸ் அல்ல, இன்ச் டேப்பை வயிற்றைச் சுற்றி வைத்து அளக்கும் அளவு.

மேற்கு வங்க கிராமப்புறத்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், கல்லீரல் கொழுப்பு கண்டறியப்பட்டவர்களில் 75 சதவீதம் பேரின் பிஎம்ஐ 25-க்குக் கீழ்தான் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொப்பைகூட இல்லை. ஒல்லியான கைகால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்பதை அப்போதே சொன்ன ஆய்வு அது. அதனால்தான் எடையை மட்டும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் எந்தத் திட்டமும் இங்கே பாதியில் நின்றுவிடும்.

எல்லோருக்கும் எடுத்தால் என்ன தப்பு?

நியாயமான கேள்விதான். அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்கள் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், பொதுமக்கள் அனைவருக்கும் ஃபேட்டி லிவர் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. எந்த ஆபத்துக் காரணியும் இல்லாத கோடிக்கணக்கானோரைச் சோதித்தால், தவறான எச்சரிக்கைகள் குவியும். அத்தனை பேரும் ஃபைப்ரோஸ்கேனுக்கு வரிசையில் நின்றால், உண்மையிலேயே தழும்பு உள்ளவர் அந்த வரிசையில் பின்னால் தள்ளப்படுவார். அந்தக் கருவியும் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும்தான் இருக்கிறது. சலுகை விலை 'லிவர் பேக்கேஜ்' விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

சரி, கண்டுபிடித்த பிறகு?

இதுவரை கிடைத்திருப்பதில் வலுவான மருந்து எடைக் குறைப்புதான். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 10 சதவீதம் குறைத்தவர்களில் கணிசமானோருக்குத் தழும்பே பின்வாங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ. தட்டில் சோற்றைக் குறைத்து காய், பயறு வகைகளைக் கூட்டுவது, டீக்கடை சர்க்கரையையும் பாட்டில் ஜூஸையும் விடுவது, தினமும் வேர்க்க நடப்பது என்று எல்லோரும் கேட்ட அறிவுரைதான். ஆனால் கல்லீரலில் அதற்குக் கிடைக்கும் பலன் வேறு உறுப்புகளில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை.

மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம், 2025 ஆகஸ்டில் செமாகுளூட்டைடு ஆகியவை, அழற்சியோடு நடுத்தர அல்லது தீவிரத் தழும்பும் உள்ள, ஆனால் சிரோசிஸை எட்டாத நோயாளிகளுக்காக அனுமதிக்கப்பட்டன. இந்த 'எட்டாத' என்பதுதான் முக்கியம். சிரோசிஸ் வந்த பிறகு கண்டுபிடித்தால் இந்த வாசல் மூடிவிடுகிறது.

இன்னொரு பக்கம், 'லிவர் டீடாக்ஸ்' பொடிகளும் லேகியங்களும் தழும்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டு கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகைதானே என்று கல்லீரல் நோயாளி எதையும் விழுங்கிவிட முடியாது.

ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது கல்லீரல் அல்ல, இதயம். ஆகவே இந்தப் பரிசோதனையில் சிக்கும் ஒருவருக்கு ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டியிருக்கும். ஃபேட்டி லிவர் இருக்கிறது என்பதற்காக கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தானாக நிறுத்துவது பலர் செய்யும் தவறு. பெரும்பாலானோருக்கு அது பாதுகாப்பானதுதான்.

தமிழ்நாட்டில் பட்டியல் தயாராக இருக்கிறது

ஒன்றிய அரசு 2021 பிப்ரவரியில் ஃபேட்டி லிவரை தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. திருத்தப்பட்ட வழிகாட்டுதல் 2024 செப்டம்பரில் வெளியானது. கிராம சுகாதாரப் பணியாளரில் தொடங்கி மேல்நிலை மருத்துவமனை வரை படிப்படியாக அனுப்பும் முறை அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை வாங்குவோரின் பெயர்கள் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. ஃபேட்டி லிவர் பரிசோதனை யாருக்குத் தேவை என்று தேடிப்போக வேண்டியதில்லை, அந்தப் பட்டியலேதான் அது. அவர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் பார்த்து ஃபிப்-4 கணக்குப் போட்டால், ஃபைப்ரோஸ்கேனுக்கு யாரை அனுப்புவது என்பது தெரிந்துவிடும். கிரியேட்டினின் அளவுக்குக் கீழே சிறுநீரகச் செயல்திறன் எண்ணைத் தானாக அச்சடித்துத் தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அதேபோல ஃபிப்-4-க்கும் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்க கணினியில் ஒரு சூத்திரம் போதும். அந்த வரி வரும்வரை, கையில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டை அடுத்த முறை சர்க்கரை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துச்சென்று, "எனக்கு ஃபிப்-4 எவ்வளவு வருது டாக்டர்?" என்று நோயாளிதான் கேட்க வேண்டியிருக்கிறது.